ஹாஸ்கெல் வேலியோரம் நின்ற நம் குதிரைகள்

காட்டன்வுட் ஓடை, மொன்டானா
செப்டம்பர் 1891

அன்பு மகள் வினிஃப்ரெட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகமே. பிலடெல்பியாவில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். பனி விழுமுன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உன்னிடம் வருவேனா மாட்டேனா, ஒரே வார்த்தையில் எழுது என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் பேச உன் அம்மாவுக்கு எப்போது வந்திருக்கிறது, நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் மணிக் குதிரை ஜூனிபரை நான் விற்றுவிட்டேன். கோபிக்காதே. அப்பா போன பிறகு அவள் கழுத்து மணிதான் என்னைப் படுத்தியது. பகலில் பரவாயில்லை, சாயங்காலம் மந்தை ஓடைக்கு இறங்கும்போது அது கேட்டால் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன், அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார் என்று. மலைச்சரிவுக்கு அந்தப் பக்கத்து ஹாஸ்கெல் தன் இளங்குதிரைகளை வழிநடத்த ஒரு சாதுவான பெட்டைக் குதிரை கேட்டுக்கொண்டிருந்தார், மணியோடேயே கொடுத்தேன். மந்தையில் ஒன்று குறையும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன், கல்லூரியில் படித்த கணக்கு. மணிச் சத்தம் போகிற பக்கம்தான் மந்தை போகும், மணிக் குதிரையை விற்கிறவள் மந்தையையே விற்கிறாள் என்று இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மறுநாள் விடிந்ததும் பார்க்கிறேன், மேய்ச்சல் நிலம் துடைத்துவிட்டது போலக் காலி. அத்தனையும் தொடையில் நம் சூட்டுக்குறியோடு ஹாஸ்கெல் வேலியை ஒட்டி வெட்கமில்லாமல் நிற்கின்றன. ஓட்டிக்கொண்டு வந்தேன், திரும்பப் போயின. மறுபடி ஓட்டினேன், மறுபடி போயின. ஹாஸ்கெல் மனைவி ஹெப்சிபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், மாமியாரை வித்துட்டு மருமகளுங்களை மட்டும் வச்சுக்கப் பாத்தீங்களாக்கும், நானும் என் மாமியாரை விக்கத்தான் பாத்தேன் அடிலெய்டு, வாங்கத்தான் ஆளில்ல என்கிறாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் கெட்டில் கொதிக்கிற சத்தம் ஒன்றுதான். மணி இருந்தபோது அப்பா இல்லாதது மட்டும் தெரிந்தது, அது போன பிறகு யாருமே இல்லாதது தெரிந்தது. அடுப்போடு பேச ஆரம்பித்துவிட்டேன் என்றால் நம்புவாயா.

கடைசியில் ஜூனிபரைத் திருப்பிக் கேட்கப் போனேன். ஹாஸ்கெல் நல்ல மனுஷன், பணமெல்லாம் கெடக்கட்டும்மா என்றார். ஆனால் வேலிக் கதவின் குறுக்குக் கட்டையில் கையை வைத்துக்கொண்டு திறக்காமலே நின்றார். பொண்ணு கூப்புடுதுன்னு கேள்விப்பட்டேன், போறதா இருந்தா இதுங்க இங்கயே இருக்கட்டும், எப்படியும் எனக்குத்தான் விக்கப் போறீங்க, இருக்கறதா இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போங்க, இன்னைக்குக் கொண்டு போயி அடுத்த மாசம் திருப்பிக் கொண்டாந்து விடறது மட்டும் வேணாம், குதிரை மனசு என்ன துணியாம்மா, நெனச்சா விரிக்கவும் நெனச்சா மடிக்கவும் என்றார். உன் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. நாலு நாள் யோசித்து, நன்மை தீமை எழுதிப் பார்த்து முடிவெடுக்கிறவள் நான், உனக்குத் தெரியும். கதவைத் திறங்க ஹாஸ்கெல் என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

ஜூனிபரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன், மற்றதெல்லாம் யாரும் ஓட்டாமலே பின்னால் வந்தன. வழி முழுக்க அழுதேன். குதிரைகள் கிடைத்ததற்கு அழவில்லை, உன்னிடம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்பது சரிவில் இறங்கும்போதுதான் உறைத்தது. உன்னைவிட அவை பெரிது என்று நினைத்துவிடாதே கண்ணே. அங்கே வந்தால் நீ பள்ளிவிட்டு வரும்வரை ஜன்னலில் நின்றுகொண்டிருப்பேன், நீ களைத்து வருவாய், அதன்பிறகு என்னையும் பேச வைக்க வேண்டியிருக்கும். உன் வயதில் அந்தப் பாரம் வேண்டாம். இங்கே தனிமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் விடிந்தால் தண்ணீர் காட்டவும் குளம்பு பார்க்கவும் வேலை இருக்கிறது.

கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன், அழகாக இல்லை என்று பெட்டியில் போட்டுவிடாதே. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே, மனிதர் முகமாவது பார்க்கலாம். வழி திறந்ததும் வசந்தத்தில் ஒரு வாரமாவது வந்து போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதை மறக்காதே, பக்கத்து அறையை எனக்காகப் பிடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய், அதை விட்டுவிடு. எனக்கென்று வாங்கிய கட்டிலை மட்டும் திருப்பிக் கொடுக்காதே. அதில் நீயே படுத்துக்கொள், காலை நன்றாக நீட்டி.

உன் அன்பு அம்மா,
அடிலெய்டு