கப்பல் கேட்டவருக்குக் குழாய்

நேற்று பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் அம்மா உங்களுடைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. "லண்டன்ல குளிராம் தம்பி, போட்டுக்க" என்றார். என் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்களைப் போல லண்டனில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் எனக்கும் கிடைத்திருக்கிறது, அண்ணே. அப்பா கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். போட மாட்டேன் என்கிறார்.

நீங்கள் லண்டன் போகுமுன் இதே கோட்டை வாங்கிய அன்று, பையில் அடங்காததால், அலோர் காஜா வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். நம் ரப்பர் தோட்டத்து வாசலில் சோதனை. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம், காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக்கூடாது. "உள்ள ஒரு மூட்ட அரிசி இருக்கு லா" என்று குரல் கொடுத்தது நான்தான். காவலர் கோட்டைக் கழற்றச் சொல்லி, உள்துணிவரை தடவிப் பார்த்தார். வேர்த்து வழிய நின்ற நீங்கள், "ஒன் வாய்க்கும் ஒரு ஊரடங்கு போடணும்டா" என்றீர்கள்.

நீங்கள் கேட்டது கப்பல் கட்டும் படிப்பு. குழாய் போடப் படி, திரும்பிவந்து ஐந்து வருடம் சொன்ன இடத்தில் வேலை செய் என்றது அரசாங்கம். "ரெண்டும் தண்ணி சமாச்சாரம்தானே, என்னா கொறச்சல்?" என்றேன். அடிக்க வந்தீர்கள்.

படித்து வந்ததும், காட்டோரத்து ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்து முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு, புதுக்கம்பங்களுக்கு, தண்ணீர் கொண்டுபோகும் வேலை. கிளேபாங் கடற்கரையில் ஒருநாள் தூரத்துக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அஞ்சு வருசம் முடிஞ்சா அதுக்குப் போயிருவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியலடா. மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்துக் கம்பத்துல மொத மொத தண்ணி வந்தப்ப, ஒரு சீனக் கெழவி வாளிய வைக்காம, கைய மட்டும் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. சிரிக்கல, அழுவல. என்னா நெனச்சிச்சுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

அந்த மழைக்காலத்தில்தான் நீங்கள் வேலைக்குப் போன ஜீப் கவிழ்ந்தது; நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. ஐந்து வருடத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. "படிக்க அனுப்புன கவர்மெண்டுக்காரனே எடுத்துக்கிட்டான்" என்பார் அப்பா. கப்பலுக்குப் போயிருப்பீர்களா, இங்கேயே இருந்திருப்பீர்களா? யாரைக் கேட்பது?

இன்று காலை சைக்கிளில் அந்தக் கம்பத்துக்குப் போனேன். யாரைத் தேடுகிறாய் என்று காவலர் மலாயில் கேட்டார். தண்ணீரை என்றேன். சிரித்துவிட்டு உள்ளே விட்டார். குழாயடியில் வாளிச் சண்டை. உங்களை ஒருவருக்கும் தெரியவில்லை. குழாய் என்றைக்கும் அங்கேயே இருந்தது மாதிரி உரிமையோடு புழங்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அண்ணன் பேர யாரும் சொல்லலயா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. யாரு மொதல்லன்னுதான் சண்ட."

"அவன் கொண்டுவந்த தண்ணி அவங்க சொத்தாயிருச்சு" என்றார் அப்பா. பிறகு பேனாவைக் கேட்டார். கையெழுத்தைப் போட்டு முடித்து, "ஒன்ன எங்க கொண்டு போடுவானுங்களோ?" என்றார்.

"தெரியலப்பா" என்றேன். அது உங்களிடமிருந்து எனக்குத் தொற்றிய பதில், அண்ணே. சொன்னபோது, போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.