உன் அம்மா உச்சி தொட்டுவிட்டாள்

என் அன்புச் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. போன மூன்று பேரும் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்தோம், அங்கே நீயும் சாப்பாடு தூக்கம் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் பெரிய செய்தி, உன் அம்மா மலை உச்சி ஏறிவிட்டாள்! நாலாயிரத்து எண்ணூறு மீட்டர்! போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்தி மீதியைக் கேட்க மாட்டாய், அதனால்தான் கடிதம். அதோடு என் குட்டு ஒன்றையும் நானே உடைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் நீயும் மலைக்குப் போகிறாயே, அதற்காக வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உன் மாமாவுக்கும் எனக்கும் கல்யாணத்தன்றே தொடங்கிய போட்டி உனக்குத் தெரியும். நான் முப்பது வருடம் இருபது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவன், அவன் வங்கியில் நாற்காலி தேய்த்தவன், அவன் முன்னால் மூச்சு வாங்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். வழிகாட்டிப் பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள், மெதுவா நடங்க, தாகம் எடுக்கலைன்னாலும் தண்ணி குடிங்க, தலை வலிச்சா மறைக்காதீங்க என்று. யார் கேட்டது? நான் முன்னால் முன்னால் ஓடினேன். நாலாயிரம் மீட்டர் தாண்டிப் போட்ட கூடாரத்தில் தலைக்குள் யாரோ சம்மட்டி அடித்தார்கள், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. தலை வலிக்குதா என்று அம்மா கேட்டாள். வெயில் கண்ணு கூசுது, அவ்வளவுதான் என்று புளுகினேன்.

மறுநாள் காலையில் ஷூ கயிறு கட்ட வரவில்லை சிட்டு. இருட்டுக்குள் கையை விட்டு ஒயர்களைத் தடவியே பிரிக்கிற என் விரல்களுக்கு ஒரு முடிச்சுப் போட வரவில்லை. அம்மா பார்த்துவிட்டு உடனே வழிகாட்டியைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னாள். நாலாவது அடியில் குடிகாரன் மாதிரி சாய்ந்தேன். மூளை வீங்க ஆரம்பிச்சிருக்கு, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம இறங்கணும் என்றாள். உச்சி கண்ணெதிரே தெரிகிறது, நான் வர மாட்டேன் என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை. மலை எங்கயும் போயிடாது, நீங்கதான் போயிடுவீங்க என்று சொல்லி என் பையைத் தூக்கினாள். அதை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான் உன் மாமா. துளி மூச்சு வாங்காமல் ஏறி வந்தவன், ஒரு வார்த்தை கேலி பேசாமல் என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஆயிரம் மீட்டர் இறக்கினான். பாதி வழியிலேயே சம்மட்டிச் சத்தம் குறைந்தது. கீழ் விடுதியில் இருந்த மருத்துவர் ஆக்சிஜன் வைத்தார். விடிந்ததும் இரண்டு கிண்ணம் சூப் குடித்தேன். ஆபத்து தாண்டியாச்சு, ஆனா இனிமே ஏறக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வேறொரு குழு மேலே கிளம்பியது. அம்மாவைப் போகச் சொன்னேன், முடியாது என்றாள். அக்கா நீ போ, அத்தானைக் கட்டிப்போட்டாவது வெச்சிருக்கேன் என்றான் மாமா. மருத்துவரும் தலையாட்டின பிறகுதான் கிளம்பினாள். மூன்றாம் நாள் மத்தியானம் நானும் அவனும் வாசலிலேயே நின்றோம். வந்தாள்! மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து, முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது, மாமா அடித்தே விட்டான். ஆனால் அவள் வாயில் வந்த முதல் பேச்சு உச்சியைப் பற்றி இல்லை. தலை வலிக்குதா என்றாள். இல்லை என்றேன். இந்த முறை அது உண்மை.

நீ அவசியம் போ, பயந்து நின்றுவிடாதே. உயரம் கூடக் கூட ஒவ்வொரு நாளும் கொஞ்சமாக ஏறு, இடையில் ஒரு நாள் சும்மா இரு, மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடாதே, வலித்தால் முதல் ஆளாக வாயைத் திற. இறங்கி வந்தவர்களை யாரும் கேலி செய்வதில்லை, நான் பார்த்துவிட்டேன். கிளம்பும் முன் மருத்துவரிடம் உடம்பைக் காட்டிவிட்டு அவர் சொன்னதை எனக்கு எழுது. நீ எண்ணியதெல்லாம் ஏறி, நல்லபடி இறங்கி, நூறு வயது வாழ வேண்டும் கண்ணே.

இப்படிக்கு,
உச்சியைக் கீழேயிருந்து பார்த்த உன் அப்பா