பதினைந்து வருஷத்துக்கு ஒரு வண்டி

பிப்ரவரி 4

அருமை மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசலாம் என்று உன் அம்மா சொன்னாள். போனில் நீ "ம்" என்பாய், நான் "சரி" என்பேன், வைத்துவிடுவோம். ஊமைக்கோட்டானைப் பெற்றவனும் ஊமைக்கோட்டான்தானே. அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் நாலு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். வண்டிக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. எல்லாம் இங்கிலீஷ். டாக்டரம்மாவின் பழைய வண்டிக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது. கியர் பெட்டிக்கு இனி சாமான் வராது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். புதிது வாங்கப் போகிறார்கள். பெரிய வண்டிதான். தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறது நீங்க, உட்கார்றது நான். எனக்குக் கலரைத் தவிர என்ன தெரியும்? நீங்களே பாருங்க. இதுதான் நான் வாங்கப்போற கடைசி வண்டி. பதினஞ்சு வருஷம் ஓடணும்" என்றார்கள்.

எனக்கு நீ ஒன்று மட்டும் பார்த்துச் சொல். முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும் வண்டி இப்போது வருகிறதாம். இந்த நாலில் எது அதை நன்றாகச் செய்யும்? அதற்குப் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பு.

டாக்டரம்மாவுக்கும் வயதாகிறது. இப்போதெல்லாம் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். கண்ணாடியில் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். நல்ல வண்டியாக அமைந்தால் நிம்மதியாக வருவார்கள்.

உன் அப்பா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தகங்கள் வந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் விரித்து வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, சம்பளம் பத்தலைன்னு போன வாரம்தான் ரெண்டு பேரும் அழுதோம். இப்ப இந்த வண்டியா?" என்றார். முழு ஆபீசும் திரும்பிப் பார்த்தது. "அப்பாவுக்கு" என்று மட்டும் வந்தது என் வாயிலிருந்து. இப்போது எல்லோரும் உங்களைப் பெரிய பணக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர்கள் வாயில் நுழையவில்லை. அட்டையின் நிறத்தைச் சொல்கிறேன். நீல அட்டை வண்டியில் எல்லாமே ஒரு பெரிய திரை. ஏசி கூட்டவும் அதைத்தான் தடவ வேண்டும். விபத்துக் காப்பீட்டு ஆபீசில் உட்கார்ந்து நான் பார்க்கிற பேப்பர்களில், ஏழெட்டு வருஷம் ஆன வண்டிகளில் முதலில் போவது அந்தத் திரைதான். வெள்ளை அட்டையில் டயர் மெலிசு. பள்ளத்தில் இறங்கினால் சக்கரமே நெளியும். சாம்பல் அட்டையில் எல்லாவற்றுக்கும் பழையபடி பொத்தான்கள். பதினைந்து வருஷம் வரை உதிரி சாமான் தருவதாக எழுதியே கொடுக்கிறார்கள். பின் இருக்கையும் அதில்தான் விசாலம். என்னைக் கேட்டால் அதுதான்.

நீங்கள் கேட்ட பிரேக் நாலிலும் உண்டு. கறுப்பு அட்டையில் கொஞ்சம் கூடுதல் திறமை. ஆனால் நாலிலுமே கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: இது ஓட்டுபவருக்கு உதவி மட்டுமே, ஓட்டுபவருக்குப் பதில் ஆகாது.

மைலேஜ், சர்வீஸ் எதையுமே நீங்கள் கேட்கவில்லையே அப்பா? வீட்டுக்கு மின்விசிறி வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவர் நீங்கள்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 19

அருமை மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பணக்காரர் மனைவி என்று தெரிந்ததும் அவள் எனக்குத் தண்ணீர்கூட எடுத்துத் தரவில்லை.

ஷோரூமுக்குப் போய்வந்தேன். தரை அப்படிப் பளபளக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். அங்கிருந்த விற்பனைக்காரர், "சார், போட்டுக்கிட்டே வாங்க" என்று சிரித்தார். செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, போன வாரம் ஒரு கூத்து. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், உன் அம்மா கேட்கிறாள்: "ஏங்க, ஒத்தைச் செருப்போட வர்றீங்க, இன்னொண்ணை யாருக்குத் தானம் பண்ணீங்க?" குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்கால்! காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஏறும்போதே கழன்றிருக்கிறது. வாட்ச்மேன் எடுத்து வைத்திருந்தார். நாள் முழுக்க அப்படியே ஓட்டியிருக்கிறேன். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கறுப்பு அட்டையே இருக்கட்டும். மனுஷன் தவறினாலும் வண்டி தவறாது என்று விற்பனைக்காரர் சொன்னார். பொடி எழுத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. அதுதான் ஏன் நல்லது என்று ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதி அனுப்பு. டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். நீ எழுதியது என்றால் அவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

உன் அப்பா

*

பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட பக்கத்தை எழுதிவிட்டேன். ஆனால் இத்துடன் அனுப்பவில்லை.

உங்கள் போன கடிதத்துக்கு நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் ஆபீசில் ஒரு கோப்பு வந்தது. ஒரு டிரைவரின் வாக்குமூலம். "பிரேக்கில் கால் வைத்திருந்ததாகவே நினைத்தேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து உங்கள் கடிதங்களை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

அப்பா, செருப்பு இல்லாமல் நாள் முழுக்க பெடலை மிதித்திருக்கிறீர்கள். அது இரும்பு. உங்களுக்குத் தெரியவே இல்லை.

உங்களுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? அம்மாவுக்குத் தெரியுமா? நீங்கள் தேடுவது டாக்டரம்மாவுக்கு ஒரு வண்டியா, இல்லை உங்கள் காலுக்கு ஒரு மாற்றா?

உங்களிடம் நான் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. இதற்குச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை அனுப்ப மாட்டேன். நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள். அதுவரை தயவுசெய்து வண்டியைத் தொடாதீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் மகள்

*

மார்ச் 12

அப்பாவுக்கு,

பதில் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தால், "அவருக்கென்ன, வேலைக்குப் போயிருக்கார்" என்கிறார். வேலைக்குப் போயிருக்கிறார் என்ற வார்த்தையைக் கேட்டு நான் இவ்வளவு பயந்ததில்லை.

காலையில் புதுக் கோப்புகள் வரும். முன்பு மேலே இருப்பதை எடுத்துப் படிப்பேன். இப்போது எல்லாவற்றிலும் வண்டி எண்ணை மட்டும் முதலில் பார்க்கிறேன். டாக்டரம்மாவின் வண்டி எண் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காருகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். அதற்குள் நீங்கள் சொல்லவில்லையென்றால் நானே போய் டாக்டரம்மா முன்னால் நிற்பேன். நின்றால் வாய் வருமா என்று தெரியாது. ஆனால் நிற்பேன்.

உங்கள் மகள்

*

மார்ச் 20

மகளுக்கு,

உன் மேல் எனக்குக் கோபம்தான். பொய் சொல்வானேன். இவளை இதற்காகவா படிக்க வைத்தேன் என்றுகூட நினைத்தேன். உன் கடிதத்தை வண்டியின் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டு, அதற்குக் கீழேயே உட்கார்ந்து ஓட்டினேன். ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து, கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வேன். எட்டு மாசமாக அப்படித்தான்.

சனிக்கிழமை டாக்டரம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போனேன். விற்பனைக்காரர், "ரெண்டு பேரும் பின்னாடி உட்காருங்க, முதல்ல நான் ஓட்டிக் காட்டறேன்" என்றார். கறுப்பு அட்டை வண்டி. அவர்களுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. சீட்டின் நுனியில் உட்கார்ந்தேன்.

மூன்று சிக்னல், ஒரு வளைவு, ஒரு மேம்பாலம். நான் வண்டியைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன. கைப்பிடி மேலே சும்மா கிடந்தது. ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. மேம்பாலம் இறங்கும்போது கண்ணை மூடிக் கொஞ்சம் தூங்கினார்கள்.

வயதானது அவர்களுக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் விற்பனைக்காரர், "இப்ப நீங்க ஓட்டுங்க சார்" என்று சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அம்மா, என் வலது கால்ல உணர்ச்சி இல்லை" என்றேன். "எட்டு மாசமாச்சு."

டாக்டரம்மா குனிந்து என் காலைப் பார்த்தார்கள். பிறகு, "ஏதோ மாறியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. கேக்கத்தான் பயமா இருந்துச்சு" என்றார்கள்.

"நீங்க டாக்டராச்சேம்மா."

"பின் சீட்ல உட்கார்ந்தா நான் டாக்டர் இல்லைங்க. உங்களை நம்பி உட்கார்ந்திருக்கிற ஆளு."

விற்பனைக்காரர் கையிலிருந்த சாவியை வாங்கினார்கள். அங்கேயே ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நான் கூச்சப்பட்டேன். தரையில் மண்டிபோட்டு என் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் புதுச் சாவியின் நுனியால் உள்ளங்காலில் மெல்லக் கோடு இழுத்தார்கள். "தெரியுதா?" "இல்லைம்மா." "இங்கே?" "இல்லை." "விரல்ல?" "இல்லைம்மா." எனக்குத் தெரியாததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். விற்பனைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள், போனேன். மருந்து கொடுத்திருக்கிறார்கள், உணர்ச்சி திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். செருப்பு விஷயத்துக்கு அவள் இப்போது சிரிப்பதில்லை. இனி எனக்கு என்ன வேலை என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ அந்தப் பக்கத்தை வேறு மாதிரி எழுதி அனுப்பு. சாம்பல் அட்டை. நீ முதலிலேயே சொன்னதுதான் சரி. பொத்தான் இருக்கிறது, சாமான் கிடைக்கும், பின் சீட் விசாலம். பதினைந்து வருஷம் தாராளமாக ஓடும். யார் ஓட்டினாலும் ஓடும்.

அன்று பழைய வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாடகை வண்டியில் திரும்பினோம். அந்த ஆள் அவசரக்காரர். முதல் சிக்னலிலேயே தூக்கிப் போட்டது. டாக்டரம்மா அந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடித்தார்கள், நான் இந்தப் பக்கத்தைப் பிடித்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரும் வரை கையை எடுக்கவும் இல்லை.

இருபத்தைந்தாம் தேதி வா. நிற்க வேண்டாம், வந்து உட்கார்.

உன் அப்பா