முனிவரின் பாரணை

ஆகஸ்ட் 12, 2025

திருப்பருத்திக்குன்றத்துச் சக்கரவர்த்தியும், நெல் மண்டியில் தராசு பிடிக்கும் தரும தேவனும், சுகுமாரி அக்காவின் ஒரே தம்பியுமாகிய வர்த்தமான் எழுதுவது: அக்கா மகன் அர்ஹந்த் முனிவராகிக்கொண்டிருக்கிறான்.

சாட்சிகள் பலமானவை. பத்தொன்பது வயதுப் பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் கல்லூரியிலிருந்து வருகிறான். சூரியன் விழுந்தபின் எங்கள் சமணர் வீட்டில் அடுப்பு எரியாது. "பசிக்கலம்மா" என்று படுத்துவிடுகிறான். கேட்டால் பதில் இல்லை — மௌன விரதம். நேற்று கோயில் தூணில் சாய்ந்து அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தான். மூக்கில் ஓர் ஈ அமர்ந்து, குடித்தனம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துவிட்டுப் பறந்தது. அவன் அசையவில்லை.

"பூர்வ புண்ணியம்டா," என்றாள் அக்கா. குவைத்தில் இருக்கும் தன் வீட்டுக்காரருக்கு உடனே போன்.

ஆகஸ்ட் 16

மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். காலையில் "பையன் நோன்பு இருக்கிறான்" என்று தொடங்கியது. சாயங்காலத்துக்குள் காற்றைக் குடித்தே வாழ்கிறான், பாம்பு வந்து படம் விரித்துக் குடை பிடித்தது என்று வளர்ந்துவிட்டது. பாம்பு நான் சேர்த்ததல்ல. நான் சேர்த்தது கீரி.

ஆகஸ்ட் 21

பத்து நாள் தசலட்சண நோன்பு முடிகிற அன்று அர்ஹந்துக்குக் கோயிலில் பாரணையாம் — பட்டுப் போர்த்தி, ஊர் பார்க்க முதல் கவளம் ஊட்டுவார்கள். அக்கா பட்டு எடுத்துவிட்டாள்.

சொன்னதும் பையன் முகம் வெளுத்தது. முனிவருக்கு என்ன பயம்?

ஆகஸ்ட் 23

அந்தி மங்கலிலும் அவன் கண்மணி கடுகளவுதான். என்னுடையதைக் கண்ணாடியில் பார்த்தேன் — நாவல்பழம்! தவிர, ஓயாமல் மூக்கைச் சொறிகிறான். எந்தப் புராணத்திலாவது சொறிகிற முனிவர் உண்டா?

ஆகஸ்ட் 26

அவன் பைக் சீட்டுக்கு அடியில் டயர் பம்ப் தேடினேன். (பொய். வேவு பார்த்தேன்.) காலி மாத்திரை அட்டைகள். ஒன்றை மருந்துக்கடை ஹபீபுல்லா பாயிடம் காட்டினேன்.

"யாருக்குப்பா இது?"

"எனக்குத்தான் பாய். இடுப்புல யானை மிதிச்சிடுச்சு."

பாய் சிரிக்கவில்லை. "வெளையாடாத வர்த்தமானு. பெரிய ஆபரேஷன் வலிக்குக் குடுக்கிறது இது. பசங்க போதைக்குத் தேடிக்கினு வர்றானுங்க, நான் தொரத்தி வுட்டுக்கினு இருக்கேன். யார் வூட்ல?"

அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஆகஸ்ட் 27

அர்ஹந்தை ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலுக்குக் கூட்டிப் போனேன். திட்டத்தான் போனேன். வாயில் கேள்வி வந்தது.

"அதுல அப்படி என்னடா இருக்குது?"

"ஒண்ணுமே இல்ல மாமா. மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கும். அதான் நல்லா இருக்கும். அது ஃபர்ஸ்ட்ல. இப்ப போடலைன்னா ஒடம்பு முறிக்குது. காலேஜுக்கே போறதில்ல."

"அப்புறம் ஏன்டா நோன்புன்னு சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க. அம்மா என்னை அந்த மாதிரி பெருமையா பாத்ததே இல்ல மாமா. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

நான் சேர்த்த கீரி என் பக்கமே திரும்பிப் பார்த்தது.

"பாரணைக்கு முன்னாடி சொல்லிடுங்க மாமா. அந்தச் சோத்த என்னால வாயில வைக்க முடியாது."

ஆகஸ்ட் 28

அக்காவிடம் சொன்னேன். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29

அழவில்லை அவள். பட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஊருக்குச் சொல்ல என்னிடம் நூறு கதை தயாராக இருந்தது. "நீ வாயத் தொறக்காத," என்றாள். கோயிலுக்கு அவளே போய், "அவன் நோன்பு இருக்கலங்க. ஒடம்பு கெட்டுப்போச்சு, ஆஸ்பத்திரியில சேக்கிறோம்," என்றாள். அவ்வளவுதான்! வெறும் இரண்டு வாக்கியத்தில் ஒரு முனிவரை இறக்கி வைக்க முடியுமா? முடிந்தது.

செப்டம்பர் 6

பாரணை நாள். நாங்கள் வார்டில். அவனுக்கு நடுக்கம், வியர்வை, உலகத்தையே விழுங்குகிற கொட்டாவி. கொட்டாவி எதற்கு என்று டாக்டரைக் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். திரும்பவும் அந்த மாத்திரைக்கே போவானா என்று அக்கா கேட்டாள்.

"போகலாம்மா. போனா திரும்ப கூட்டிக்கினு வாங்க."

செப்டம்பர் 20

வீடு. ஆஸ்பத்திரியில் கொடுத்த ராத்திரி மாத்திரையை, சோறு சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டுமாம். "பொழுதோடயே குடுத்துடலாமா?" என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். கூடாதாம். தினமும், பொழுது சாயுமுன் வடித்து ஆறிப்போன சோற்றைத்தான் தொட்டுவிட்டு எழுகிறான்.

அக்டோபர் 3

கவுன்சலிங் முடிந்து, விளக்கு வைத்த பிறகு வந்தான். நான் அவன் கண்மணியைப் பார்த்தேன். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

அடுப்பு பற்றும் சத்தம். ஆதி தீர்த்தங்கரர் காலத்திலிருந்து இருட்டில் எரியாத அடுப்பு! பொழுது சாய்ந்ததிலிருந்து அக்கா நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆனால் கல்லில் மாவு ஊற்றினாள்.

"இன்னொண்ணு வேணும்மா," என்றான்.

நாளை மண்டியில் கேட்டால் என்ன சொல்வேன்? மூன்று தோசை சாப்பிட்டான். மூன்றுதான்.