டோபமைன் என்ன மீன்?

சுனாமி வந்த மறுவருஷம், ஆவணி, வெள்ளி இரவு.

இன்று ஒரு வலையை முழுதாகத் தைத்து முடித்தேன். பாதியில் போட்டால் இனி வலையே தரமாட்டேன் என்று பக்கத்து வீட்டுச் சிநேகிதன் சொல்லியிருந்தான்.

எனக்குப் பிறவியிலேயே கவனம் நிற்காதாம். மூளையில் டோபமைன் குறைச்சலாம். விடிந்ததும் கடலோரம் நடங்கள், வேலையைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் பிடித்ததைத் தின்னுங்கள் என்றார் டாக்டர். முழத்துக்கு ஒரு வாய் பொரிகடலை என்று வைத்துக்கொண்டேன். கை அலையாமல் வேலையில் நின்றது.

டாக்டர் சொன்னதைச் சிநேகிதனிடமும் சொல்லியிருந்தேன். சாயங்காலம் வலை வாங்க வந்தவன் கத்தினான்.

"மார்க்கெட்டு பூரா தேடிட்டேன்டா. ஒருத்திகிட்டயும் டோப மீன் இல்ல. கேட்டா சிரிக்கிறாளுங்க!"

"அது கடல்ல இல்லடா, மண்டைக்குள்ள இருக்கு."

"மண்டைக்குள்ள மீனா? அதான் இத்தினி வருசமா துள்ளிக்கினே கெடக்குற!"

வலையை இழுத்துப் பார்த்தான். "நாளைக்கு இன்னொண்ணு கொண்டாரேன்" என்றான்.

கட்டுமரத்தில் கூட வந்தவர்கள் எல்லோருமே என்னைத் துள்ளுகிற மடவை மீன் என்றுதான் கேலி செய்வார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் கேலி செய்ய இருப்பவன் இவன் ஒருவன்தான், ஏழுமலை.