பேட்டரி தீர்ந்த சனிக்கிழமை

வாழவந்தி நாடு
13.9.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

தாரணியின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பக்கத்து அறையில் தங்கித் தினைப்பயிர் ஆராய்ச்சி செய்த பெங்களூர்ப் பெண் ஊருக்குப் போகும்போது ஓர் ஆங்கில ராக் கேசட்டைத் தந்துவிட்டுப் போனாள். நேற்று காலை போட்டேன். முதலில் வெறும் இரைச்சலாக இருந்தது. பிறகு பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினான். இந்த மலைக்கு வேலைக்கு வந்த பத்து மாதமாக நான் அடக்கி வைத்திருந்ததை அவன் கத்துவதுபோல் இருந்தது. முதல் பக்கத்தையே மூன்று முறை கேட்டேன். எழுந்து ஆடக்கூடச் செய்தேன், அப்பா!

வீட்டுக்காரப் பொன்னம்மாள் அக்கா கதவைத் தட்டினார். "ஏனுங்க டீச்சர், உள்ள ஆருங்க சண்டை போடறது?"

"பாட்டுக்கா. இங்கிலீஷ் பாட்டு."

"பாட்டுங்களா? பாவம், அந்தாளுக்கு என்ன கஷ்டமோ!"

நான்காம் முறை பாதியில் பேட்டரி தீர்ந்தது. அதன்பின் அறையில் இருக்க முடியவில்லை. பேட்டரி வாங்கப் போவதாகச் சொல்லி பஸ் ஏறினேன். உண்மையில், நீங்கள் அலைந்து வாங்கித் தந்த இந்த வேலையை விட்டு நாகப்பட்டினம் வந்துவிடத்தான் ஏறினேன்.

"டீச்சர், பேளுக்குறிச்சி சந்தை வந்துருச்சுங்க. எறங்கலீங்களா?" என்றார் கண்டக்டர். கேசட்டின் இரண்டாம் பக்கத்தை இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கி, பேட்டரி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அம்மாவின் வாசனை போய்விடும். பொன்னம்மாள் அக்கா தபால்பெட்டிப் பக்கம் கிளம்பிவிட்டார். உடனே பதில் போடுங்கள். ஆனால் வா என்றோ, இரு என்றோ எழுதிவிடாதீர்கள். அதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் மகள்,
தாரணி