மரியாதைக்குக் கொடுத்த ஏலக்காய்

என் பாசத்துக்குரிய ஐயாவுக்கு,

நீங்கள் காய்ச்சலில் சாகவில்லை. மண்டி முதலாளியின் கடிதத்துக்குப் பயந்து செத்தீர்கள். காய்ச்சல் என்றுதான் ஊரார் சொல்கிறார்கள். ஆத்தாவும் அப்படியே சொல்லி அழுகிறாள். ஆனால் குளிர்காய்ச்சல் உடம்போடு, கொட்டுகிற மழையில், ஏலக்காய்ப் பையைத் தலையில் வைத்துப் போடிமெட்டிலிருந்து உங்களை இறக்கியது அந்தக் கடிதம்தான்.

முதலாளியிடம் வாங்கிய கடனுக்கான வழக்கு கோர்ட்டில் ராஜி ஆன அன்று வக்கீல் நம்மிடம் என்ன சொன்னார்? வருடா வருடம் தை மாதம் தவணையைக் கோர்ட்டில் கட்டிவிட வேண்டும். கட்டிவருகிறவரை நம் தோட்டத்தை முதலாளி தொட முடியாது. நடுவில் அவர் என்ன எழுதினாலும் அது வெறும் காகிதம். அதற்கு ஒப்புக்கொண்டுதான் அவரும் கையெழுத்துப் போட்டார். மை காயுமுன் கடிதம் எழுதவும் ஆரம்பித்தார்.

எல்லாக் கடிதமும் ஒன்றுதான். பாக்கி முழுவதையும் உடனே கட்டு, இல்லாவிட்டால் தோட்டம் ஜப்தியாகும். அதுவும் காய் பறிக்கிற சமயம் பார்த்துத்தான் வரும். நான் வாசித்துவிட்டு, "புதுசா ஒண்ணுமில்லய்யா, அடுப்புல போடுங்க" என்பேன்.

நீங்கள் கேட்டீர்களா? "பெரிய மனுசன் மெனக்கெட்டு எழுதியிருக்காருடா. வெறுங்கையோட போயி எப்பிடி நிக்கிறது?" என்று, பச்சை மாறாத முழுக்காயாகப் பொறுக்கி ஒரு பை கட்டுவீர்கள். அவர் வாங்கிக்கொண்டு வெற்றிலை கொடுப்பார். கடனில் காசு குறையாது. பிறகு தை மாதத் தவணைக்குக் காய் போதாமல் ஆத்தாவின் காதிலிருந்த தண்டட்டி போனது.

உங்கள் கருமாதி முடிந்த வாரமே அடுத்த கடிதம் வந்தது. உங்கள் பெயருக்குத்தான். மண்டிக் கணக்குப்பிள்ளை துட்டி விசாரிக்க வீட்டுக்கு வந்து போனவர். நீங்கள் இறந்தது முதலாளிக்குத் தெரியாததல்ல. ஆத்தா உடனே முறத்தை எடுத்து நல்ல காயாகப் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். "ஒரு படியாச்சும் கொண்டு போடா. அவரு மனசு வச்சாத்தான் நாம பொழைக்க முடியும்."

பொறுக்கியதை மூட்டையிலேயே திருப்பிக் கொட்டினேன். ஆத்தா முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போனாள்.

இந்தத் தையில் மூட்டைகளை வேறு மண்டியில் விற்று, தவணையைக் கோர்ட்டில் கட்டி, ரசீதோடு முதலாளியின் மண்டிக்குப் போனேன்.

"என்னப்பா, கைய வீசிக்கிட்டு வர்றே? உங்கய்யா ஒருநாளும் இப்படி வந்ததில்லையே" என்றார் கணக்குப்பிள்ளை.

"ரசீது கொண்டாந்திருக்கேன் அண்ணே."

"ரசீத வச்சு மொதலாளி பாயசமா காய்ச்சுவாரு?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளியிடமே கேட்டேன். "எங்கய்யா வருசா வருசம் கொண்டாந்த காயெல்லாம் எந்தக் கணக்குல இருக்கு மொதலாளி?"

"அது மரியாதைக்குக் குடுத்ததுடா. கடன்ல சேராது."

"சரி. நம்ம ஊருல செய்முறைன்னா திருப்பிச் செய்யணும்ல? எங்கய்யா கருமாதிக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

சிரித்தவர்கள் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "பய நாலெழுத்துப் படிச்சுட்டான்" என்று முதலாளி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

ஐயா, உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நாள் முழுக்க அட்டைக்கடியில் நின்று விளைவித்த காயைக் கொடுத்துவிட்டு, வெற்றிலை வாங்கியதற்கு நீங்கள்தானே கும்பிட்டீர்கள்? கோர்ட்டில் அவரும் நீங்களும் ஒரே காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டீர்கள். அவர் மீறலாம், நீங்கள் பயப்பட வேண்டும் என்று அதில் எங்கே எழுதியிருந்தது?

மீதித் தவணைகளையும் கோர்ட்டில்தான் கட்டுவேன். தோட்டத்தை விடமாட்டேன். ஆத்தாவின் காது மூளியாக இருக்கவும் விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

முதலாளிக்கு நம் வீட்டிலிருந்தும் ஒரு கடிதம் போயிருக்கிறது. நான்தான் எழுதினேன். 'எங்கள் ஐயா கொடுத்த காய் கடனுக்கு என்றால் வரவு வையுங்கள். மரியாதைக்கு என்றால் திருப்பிச் செய்யுங்கள். இரண்டில் எது என்று எழுதுங்கள்.'

நேற்று மண்டியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பெயருக்கு. பாக்கி முழுவதையும் உடனே கட்டச் சொல்லி.

இப்படிக்கு,
உங்கள் தலைமாட்டில் கொள்ளிக்குடம் உடைத்த மூத்த மகன்